அத்தாவின் மெடிக்கல்

அத்தியாயம் 14

திண்டிவனம் பிஸ்கட் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் வேலையை விட்டுப் போனாலும், கடைசி நாளன்று அடுப்பிலிருந்து வரும் முதல் தட்டு பிஸ்கட்டை அவர்தான் உடைத்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பேக்கிங் செய்தவரோ, லாரி ஓட்டியவரோ, வாசலில் காவல் நின்றவரோ, அன்று ஒரு நாள் அவர்தான் ராஜா. ஹுமைராவுக்கு மட்டும் இதை நினைத்தால் சிரிப்பாக இருந்தது. தரம் பார்க்கும் பிரிவில் எட்டு வருஷமாக அவள் செய்துவந்த வேலையே அதுதானே!

இருந்தாலும் விடுவார்களா? தட்டை நீட்டினார்கள். ஒன்றை எடுத்து உடைத்தாள். முகர்ந்து பார்த்தாள். ஓரம் லேசாகக் கருகியிருந்தது.

"இது வெளிய போகக் கூடாது. பின்பக்கச் சூட்டைக் கொறைங்க" என்றாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் கை தட்டியது. தனக்குக் கொடுத்த மரியாதைத் தட்டையே திருப்பி அனுப்பியவள் அந்தக் கம்பெனியில் அவள் ஒருத்திதான். ஹுமைராவுக்குக் கண் கலங்கியது, ஆனாலும் பெருமையாக இருந்தது.

இத்தனை வாரமும் அவளோடு பஸ் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த நாளின் அருமை தெரியும். இன்றுதான் வந்து சேர்கிறீர்கள் என்றால், விஷயம் இவ்வளவுதான். கோட்டக்குப்பத்துப் பெண் ஹுமைராவுக்கு, விழுப்புரத்தில் புதிதாகத் திறக்கும் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய் ஆலையில் தரப் பிரிவு மேனேஜர் வேலை கிடைத்திருக்கிறது. அவள் தெருவில் இதுவரை மேனேஜர் என்று யாரும் இருந்ததில்லை, ஆணும் சரி, பெண்ணும் சரி.

நடுவில் ஒரு முள். அவள் அத்தா காதர் பாட்சாவுக்கு இரண்டு வருஷம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது இன்னொரு அடைப்பு. மழைக்காலம் முடிவதற்குள் பைபாஸ் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிஸ்கட் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடம் உண்டு, அவர்களுடைய பழைய நோய்களுக்கும் இடம் உண்டு. புது ஆலையின் காப்பீட்டில் பெற்றோரே கிடையாது.

வேலையே வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்தவளைத் தடுத்தது எச்.ஆர். இருதயமேரிதான். கம்பெனிக் காப்பீட்டில் பெயர் இருக்கும்போதே மனுக் கொடுத்தால், அதே இன்ஷூரன்ஸ்காரர்களிடம் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். இதுவரை ஓடிய வருஷங்கள் கணக்கில் வரும். பழைய நோய்க்கு முதலிலிருந்து காத்திருக்க வேண்டாம் என்று எடுத்துச் சொன்னாள். மனு போனது. அதை நம்பித்தான் ஹுமைரா ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டாள்.

அந்த இருதயமேரிதான் இப்போது கை தட்டல் ஓயும் முன்னே அவள் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் உள்ள வா."

முகமே சரியில்லை. அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்காரு உங்க அத்தா?"

"ஏன், என்னாச்சு?"

"இன்ஷூரன்ஸ் விழுப்புரம் ஆபீஸ்லருந்து மெயில் வந்திருக்குது. நேத்து அவங்க டாக்டர் மெடிக்கலுக்காகப் போன் பண்ணி, இன்னின்ன நோய் இருக்குதான்னு கேட்டிருக்காங்க. உங்க அத்தா, எனக்கு ஒரு நோயும் இல்லன்னு சொல்லிட்டாராம். சுகர் இல்ல, பிரஷர் இல்ல, ஹார்ட்டு கல்லு மாதிரி இருக்குதாம்."

ஹுமைராவுக்கு முதலில் புரியவில்லை. "ஸ்டென்ட்டுக்குப் பணம் கட்டினதே அவங்கதானே மேரி!"

"அதான் பைலை நிறுத்தி வச்சிட்டாங்க. இப்படியே பாலிசி போட்டாங்கன்னு வையி, நாளைக்கு ஆபரேஷன்னு போய்ப் படுக்கறப்ப, நீங்க மறைச்சிட்டீங்கன்னு கைய விரிச்சிருவாங்க. போடாம உட்டாங்கன்னா, சாயங்காலம் நாலு மணிக்கு உன் பேர நான் கம்பெனி கணக்குலருந்து எடுத்தாகணும். எடுத்துட்டா இந்த மனு செல்லாது. வெளில புதுசா வாங்கணும். பழைய நோய்க்கு வருஷக்கணக்குல காத்துக்கினு கெடக்கணும்."

"அத்தாவால காத்துக்கினு இருக்க முடியாது."

"தெரியும்டி." இருதயமேரி குரலைத் தாழ்த்தினாள். "உன் ராஜினாமாவ இன்னும் சிஸ்டத்துல ஏத்தல. ஏத்தாத மேரின்னு ஒரு வார்த்த சொல்லு, கிழிச்சிப் போட்டுடறேன். முதலாளிக்கும் சந்தோஷம்தான், உன்னை அனுப்ப அவருக்கு மனசே இல்ல."

"இரு, அத்தாகிட்ட கேட்டுட்டு வரேன்" என்றாள் ஹுமைரா. வெளியே வந்து அத்தாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா மேனேஜரே!" என்றார் காதர் பாட்சா. போன வெள்ளிக்கிழமையிலிருந்து மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அந்தச் செய்தியைச் சொல்லி முடித்தும் அவருக்கு ஆசை தீரவில்லை.

"அத்தா, நேத்து ஒரு டாக்டர் போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க, பண்ணாங்க. நல்ல பொண்ணு. உன்னப் பத்தியெல்லாம் சொன்னேன். ஸ்கூல்ல வாங்கின மெடல் வரைக்கும் சொன்னேன்."

"உங்க உடம்பப் பத்தி என்னா சொன்னீங்க?"

"நீதானே பாத்துப் பேசுங்கன்னே? குவைத்துல எத்தினி மெடிக்கல் பாத்தவன் நானு! சுத்தமா ஃபிட்டுன்னு சொல்லிட்டேன். உங்கம்மாவக் குடுங்கன்னாங்க. அவளுக்கு இன்னா பேசத் தெரியும்? நானே அவளும் ஃபிட்டுன்னுட்டேன்."

ஹுமைராவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "அத்தா, எல்லாம் கெட்டுப் போச்சு. ஆஸ்பத்திரி பைல எடுத்துக்கினு, அம்மாவையும் கூட்டிக்கினு ஜல்தியா விழுப்புரம் வாங்க. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல நேர்ல வந்து, எனக்கு இந்தந்த நோயெல்லாம் இருக்குதுன்னு நீங்களே சொல்லணும்."

அந்தப் பக்கமிருந்து வந்த குரல் வேறாக இருந்தது.

"சொன்ன வார்த்தைய மாத்திக்கினு, ஊரான் முன்னாடி போயி நான் நோயாளின்னு நிக்கணுமா? இருபத்தாறு வருஷம் குவைத்து வெயில்ல ஏசி மாட்டுனவன்மா நானு. ஒரு தடவ அன்ஃபிட்டு வாங்கினது கெடையாது."

"அத்தா..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில், கம்பெனியில் கொடுத்த சில்வர் தட்டும் பூங்கொத்தும். பக்கத்திலிருந்த அம்மாள், "கல்யாண நாளா?" என்று கேட்டு வைத்தார். ஹுமைரா வெறுமனே சிரித்தாள்.

அத்தாவின் வீம்பு அவளுக்குப் புதிதில்லை. மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றுகூட, ஆம்புலன்ஸில் படுக்க மாட்டேன், உட்கார்ந்துதான் வருவேன் என்றவர். அந்த வீம்பில் பாதி தனக்கும் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மரியாதைத் தட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னது பின்னே எது?

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தது. அவள் போனை எடுத்தாள். "ஏத்தாத மேரி. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் வேலை இன்னொன்று வரும், வராமலும் போகும். அத்தா ஒருவர்தான். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தும் அவளுக்கு அழுகை வந்தது. அந்த வேலையை அவள் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள். அதை நினைக்கத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

கிழக்குப் பாண்டி ரோட்டில், மாடியில் இருந்தது இன்ஷூரன்ஸ் அலுவலகம். அமலா என்கிற அதிகாரி, ஹுமைரா வயதுதான் இருக்கும், பொறுமையாகக் கேட்டாள்.

"மேடம், உங்க கஷ்டம் புரியுது. பழைய ரிப்போர்ட் எல்லாமே எங்ககிட்ட இருக்குது. ஆனா நீங்க சொல்லி நான் எழுத முடியாது. அவரு பேர்ல பாலிசி, அவரே வாயால சொல்லி, கையெழுத்துப் போடணும். அம்மாவும் அப்படித்தான்."

"அவரு வரலைன்னா?"

அமலா உதட்டைப் பிதுக்கினாள்.

ஹுமைரா நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை ஆனதும் போனை எடுத்தாள். அந்தச் செய்தி அப்படியே இருந்தது. அனுப்பிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோன நேரம், படிக்கட்டில் அத்தர் வாசனை வந்தது.

முதலில் வாசனை, அப்புறம்தான் காதர் பாட்சா. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, குவைத்தில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி, கையில் பழைய தோல் பை. ஏர்போர்ட்டுக்குப் போகும்போது போடுகிற வேஷம் முழுவதையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பது போல நின்றார். பின்னால் அவர் மனைவி ஹலீமா பீவி, ஆஸ்பத்திரி பைலை மார்போடு அணைத்தபடி.

"அம்மா, எப்படிம்மா கூட்டிக்கினு வந்தீங்க?" என்று ஹுமைரா காதோடு கேட்டாள்.

"நான் எங்க கூட்டியாந்தேன்? போன வச்சிட்டு ரொம்ப நேரம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு உக்காந்திருந்தாரு. அப்புறம் எந்திரிச்சி, அயர்ன் பண்ண சட்ட எங்கேன்னாரு. பாண்டி பஸ் ஸ்டாண்டு வந்து விழுப்புரம் பஸ் ஏறுற வரைக்கும் வாயத் தொறக்கல."

காதர் பாட்சா அமலாவின் எதிரே போய் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நேத்து பேசுனது நீங்களாம்மா?"

"இல்ல சார், எங்க டாக்டர். ஏன் சார் எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொன்னீங்க? போன தடவ ஆஸ்பத்திரி செலவ நாங்கதானே சார் பாத்தோம்!"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். மகளைப் பார்க்காமல் பேசினார்.

"விழுப்புரத்துலருந்து பேசறோம்னாங்க. எம் பொண்ணு வேலைக்குப் போற ஊரு விழுப்புரம். மெடிக்கல்னாங்க. வேலை மாறதுக்கு ஒரு மெடிக்கல் போன் வரும், பாத்துப் பேசுங்கன்னு இவளும் சொல்லியிருந்தா. நான் பாத்த மெடிக்கல் எல்லாம் ஒரே மாதிரிம்மா. ஃபிட்டா, அன்ஃபிட்டா. அன்ஃபிட்டுன்னா வேலை போச்சு, அன்னிக்கே ஊருக்கு டிக்கெட்டு. வீட்ல ஒரு நோயாளி கெடக்கறான், இவ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு லீவு போடுவான்னு நெனச்சி, எம் பொண்ண வாணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

ஹுமைராவுக்குக் காலையில் பொங்கிய ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொல்லிவிட்டுப் போன அரை வாக்கியம் அது. இன்ஷூரன்ஸ் என்ற சொல்லையே அவள் அப்போது சொல்லவில்லை. தன் உடம்புக்காக அவர் பொய் சொல்லவில்லை. அவள் வேலைக்காகச் சொல்லியிருக்கிறார்.

"அத்தா, அது என் ஆபீஸ் மெடிக்கல் இல்லத்தா. உங்களுக்கு ஆபரேஷன் செலவு வர்றதுக்காகக் கேட்டது."

"இப்பத் தெரியுது." அவர் அமலாவிடம் திரும்பினார். "நான் நோயாளின்னு சொன்னா எம் பொண்ணு வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆகாது சார். அவங்க கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இங்க வேற மாதிரி சார். இருக்கறத இருக்குதுன்னு சொன்னாத்தான் நாளைக்கு நாங்க கூட நிக்க முடியும்."

"சரி, எழுதிக்கோ."

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அந்த அலுவலகத்தில் வேறு நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"பேரு காதர் பாட்சா. ஊரு கோட்டக்குப்பம். ஹார்ட்ல ஒரு ஸ்டென்ட்டு. இன்னொரு அடைப்பு இருக்குது, பைபாஸ் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பிரஷர் இருக்குது. சுகர் இருக்குது."

"சுகர் எப்பலருந்து சார்? ரிப்போர்ட்ல ஸ்டென்ட் வச்சப்ப கண்டுபிடிச்சதா இருக்குது."

அவர் தயங்கினார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"அது ஆஸ்பத்திரில கண்டுபிடிச்சது. எனக்குக் குவைத்துலயே தெரியும். இவ காலேஜ் சேந்த வருஷம்."

"என்னாது?" என்றாள் ஹலீமா பீவி.

"ஒவ்வொரு மெடிக்கலுக்கும் பதினஞ்சு நாளுக்கு முன்னாடியே சோத்த நிறுத்திடுவேன். வெறும் கீரை, மீனு. தங்கியிருந்த கேம்ப்பச் சுத்திச் சுத்தி நடப்பேன். ஃபிட்டுன்னு போட்டுக் குடுத்துருவான். இவ படிப்பு முடியற வரைக்கும் அப்படித்தான் ஓட்டுனேன்." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராக அமலாவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. யுனிவர்சிட்டில மூணாவது."

அமலாவுக்கு எழுதுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. "இதச் சொன்னதால கிளெய்முக்கு ஏதாச்சும்..." என்று ஹுமைரா இழுத்தாள்.

"பயப்படாதீங்க. உங்க கம்பெனி பாலிசில பழைய நோயப் பத்தி யாரையும் கேக்கறதில்ல, அதனால அவரு யார்கிட்டயும் மறைச்சதா ஆகாது. தனியா எடுக்கறப்பதான் கேக்கறோம். அதையும் இப்ப உண்மையாச் சொல்லிட்டாரு. ஓடின வருஷம் எல்லாம் கணக்குல வந்துரும். பிரீமியம் கூடத்தான் வரும், அது வேற விஷயம். முடிவு எங்க சென்னை ஆபீஸ்லருந்து வரணும். ஆனா இன்னிக்குத் தேதியில மனு சுத்தமா உள்ள போயிடும். எனக்குத் தேவை அதான்."

காதர் பாட்சா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். தமிழில், ஒரு எழுத்தும் விடாமல், பெரிதாகப் போட்டார்.

ஹுமைரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயை மறைத்து அவளைப் படிக்க வைத்தவர், இன்று அவள் வேலைக்காகவே அதே நோயை நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டார். மேனேஜர் வேலை கிடைத்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு பெருமை வரவில்லை. இவர் என் அத்தா என்று அங்கிருந்த அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

போனை எடுத்தாள். பஸ்ஸில் எழுதியதை அழித்தாள். "ஏத்திடு மேரி" என்று அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "ஏத்திட்டேன். போய் ஜெயிச்சிட்டு வாடி."

அவ்வளவுதான், எட்டு வருஷம் முடிந்தது. இனித் திரும்பிப் போக முடியாது. ஹுமைரா மூச்சை இழுத்து விட்டாள்.

"அடுத்தது அம்மா" என்றாள் அமலா. "நேத்து சாரே உங்களுக்கும் சேத்துப் பதில் சொல்லிட்டாரு. இப்ப நீங்க சொல்லுங்கம்மா. உடம்புக்கு ஏதாச்சும் இருக்குதா?"

"அவளுக்கு ஒண்ணும் கெடையாது. என்னக் கட்டிக்கினு இத்தினி வருஷம் தள்ளியிருக்கா, அதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார் காதர் பாட்சா. அத்தனையும் சொல்லி முடித்ததில் அவருக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

ஹலீமா பீவி சிரிக்கவில்லை. மடியிலிருந்த பைலின் நாடாவை அவிழ்த்தாள், கட்டினாள்.

"ஏங்க, நீங்க கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"எனக்கு இப்ப டீ வேணாம்."

"பரவால்ல, போங்க. சக்கர போடாம சொல்லுங்க."

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரை ஒரு இடத்திலிருந்து எழுந்து போகச் சொன்னதில்லை. அவர் அவளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்தார். படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. டீக்கடை நேர் கீழே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் ஜன்னல் வழியாக மேலே வந்தது.

"எம் பொண்ணு வேலையா வந்தோம். இந்த ஊருலதான் மேனேஜரு..."

ஹுமைரா அம்மாவின் பக்கத்து நாற்காலிக்கு மாறினாள். அம்மாவின் கை சில்லென்று இருந்தது.

"உங்க அத்தா நிமிந்து நின்னு சொன்னாரு பாரு" என்றாள் ஹலீமா பீவி. "அதப் பாத்துட்டுத்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு. இல்லன்னா இதயும் உள்ளயே வச்சிக்கினு போயிருப்பேன்."

"எதம்மா?"

ஹலீமா பீவி அமலாவின் பக்கம் திரும்பினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, கணவர் நின்றது போலவே எழுந்து நின்றாள்.

"எழுதிக்கோம்மா. எடது பக்கம், அக்குளுக்குக் கீழ ஒரு கட்டி இருக்குது. நோன்புக்கு முன்னாடிலருந்து இருக்குது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."